பீன்யாவில் உருவான நான்கு தட ஒளியிழை வேகமானி: ஏரோஜெல்லில் அதிர்ச்சி அலையை அளப்போர்க்கான மதிப்புரை

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில், தொலைத்தொடர்புத் துறைக்கான ஒளியிழை உதிரிபாகங்களைக் கொண்டு அளவைக் கருவிகள் செய்துதரும் சிறிய நிறுவனம் ஒன்று இருக்கிறது. ஃபோட்டான் டாப்ளர் வேகமானி என்று அழைக்கப்படுவதும், ஆய்வகப் பேச்சில் பிடிவி என்று சுருங்கிவிட்டதுமான கருவியை, நான்கு தடங்களோடு ஒரே பெட்டிக்குள் அடக்கி அவர்கள் விற்கிறார்கள். லேசர் துடிப்பால் எழுப்பப்படும் அதிர்ச்சி அலை, பெரும்பகுதி காற்றேயான நுண்துளைத் திண்மமான ஏரோஜெல், பாலிமர் நுரை போன்ற அடர்த்தி குறைந்த பொருள்களுக்குள் எப்படிச் செல்கிறது என்பதை அளப்பதற்காக எங்கள் ஆய்வகம் இதை வாங்கியது. கருவியின் குணமும் குறையும்தான் இங்கே பேசுபொருள் என்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். சில ஜூல் ஆற்றல் கொண்ட நானோநொடி லேசர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தத் துறைக்குள் இறங்கலாமா என்று யோசிக்கும் ஆய்வு மாணவர்களையும் ஆசிரியர்களையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

கருவி இயங்கும் முறை எளியது. 1550 நானோமீட்டர் அலைநீளமுள்ள, மிகக் குறுகிய நிறமாலை கொண்ட ஒளியிழை லேசரின் ஒளி, இழையின் முனையில் பொருத்திய நுனிக்கருவி வழியாக, நகரும் பரப்பின் மேல் விழுகிறது. அங்கிருந்து டாப்ளர் பெயர்ச்சியோடு (நகர்வால் ஏற்படும் அதிர்வெண் மாற்றத்தோடு) திரும்பும் ஒளியும், பெயர்ச்சியில்லாத ஒப்பீட்டு ஒளியும் உணர்வியில் ஒன்றுசேரும்போது விம்மல்கள், அதாவது இரு அதிர்வெண்களின் வேறுபாட்டுக்கு ஏற்ப ஒளி கூடிக் குறையும் துடிப்புகள், தோன்றுகின்றன. பரப்பு நொடிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால் விம்மல் அதிர்வெண் 1.29 கிகாஹெர்ட்ஸ். வேகம் இரட்டித்தால் அதிர்வெண்ணும் இரட்டிக்கும். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் ஆலிவர் ஸ்ட்ராண்டும் உடன் பணியாற்றியவர்களும் இந்த முறையை உருவாக்கி 2006இல் விரிவாக வெளியிட்டார்கள். தொலைத்தொடர்புக்காக உலகெங்கும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியிருந்த, ஒளியை ஒரே திசையில் வழிநடத்தும் சர்க்குலேட்டர், அதிவேக உணர்வி, ஒளியிழை ஆகியவற்றைக் கொண்டே முழுக் கருவியையும் கட்டிவிடலாம் என்பதுதான் அதன் பெரிய ஈர்ப்பு. அந்த உதிரிகளைக் கையாளும் திறமை மலிந்து கிடக்கும் பெங்களூருவில் இப்படியொரு கருவி உருவாவது இயல்பானதே.

கருவியின் மதிப்பைச் சொல்லுமுன், அடர்த்தி குறைந்த பொருளில் அளவீடு ஏன் கடினம் என்பதைச் சொல்லியாக வேண்டும். விளம்பரத் தாளில் உள்ள எண்களை எப்படிப் படிப்பது என்பது அதைப் பொறுத்திருக்கிறது. அதிர்ச்சி அலையின் வேகத்தையும், அலைக்குப் பின்னால் பொருள் நகரும் வேகத்தையும் அளந்துவிட்டால், நிறை, உந்தம், ஆற்றல் ஆகியவற்றின் அழிவின்மையிலிருந்து அழுத்தமும் அமுக்கப்பட்ட அடர்த்தியும் கிடைத்துவிடும் என்பது பாடநூல் வாய்பாடு. திண்ம உலோகத்தில் இந்த இரண்டு வேகங்களுக்கும் இடையே நல்ல இடைவெளி உண்டு. ஏரோஜெல்லிலோ, துளைகளெல்லாம் நசுங்கிப் பொருள் அலையின் முகப்பிலேயே குவிந்துவிடுவதால், மண்வாரி இயந்திரத்தின் முன்னால் மண் குவிந்துகொண்டே போவதுபோல, இரு வேகங்களும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. எடுத்துக்காட்டாக, ஒரு கன சென்டிமீட்டருக்கு 100 மில்லிகிராம் அடர்த்தியுள்ள ஏரோஜெல்லில் அலை நொடிக்கு 1.2 கிலோமீட்டர், பொருள் நொடிக்கு 1 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் 0.12 கிகாபாஸ்கல், அமுக்கம் ஆறு மடங்கு. இதில் அலை வேகத்தை 1 விழுக்காடு தவறாக அளந்தால் அமுக்கப்பட்ட அடர்த்தி 5 விழுக்காடு தவறிவிடும். அலை வேகத்தை, நுரையின் (ஏரோஜெல்லையும் இங்கே நுரை என்றே சொல்கிறேன்) தடிப்பை அலை கடக்கும் நேரத்தால் வகுத்தே பெறுகிறோம் என்பதால், 500 மைக்ரோமீட்டர் தடிப்பில் 10 மைக்ரோமீட்டர் பிழை இருந்தாலே அடர்த்தியில் 10 விழுக்காடு போய்விடுகிறது. ஆகவே, வேக அளவீட்டின் துல்லியம் 1 விழுக்காட்டுக்கும் கீழே என்று விளம்பரத் தாள் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், நுரைப்பொருளைப் பொறுத்தவரை அது பாதிக் கதைதான். மீதிக் கதை தடிப்பிலும், தொடக்க அடர்த்தியிலும், தடங்களுக்கு இடையிலான நேர ஒத்திசைவிலும் இருக்கிறது.

இந்தப் பின்னணியில் பார்க்கும்போது, ஒரு தடக் கருவியை வாங்காமல் நான்கு தடக் கருவியை வாங்கியது மிகச் சரியான முடிவு என்பேன். எங்கள் அமைப்பில், கண்ணாடித் தகட்டுக்கும் 25 மைக்ரோமீட்டர் அலுமினியத் தகட்டுக்கும் இடையில் லேசர் துடிப்பால் பிளாஸ்மாவை எழுப்புகிறோம். இப்படி அடைத்துவைக்கும்போது பிளாஸ்மாவின் அழுத்தம், திறந்தவெளியில் எழும் அழுத்தத்தைவிடப் பல மடங்கு உயர்ந்து, தகட்டை நுரைக்குள் தள்ளுகிறது. முதல் தடம் நுரை இல்லாத இடத்தில் தகட்டை நேரடியாகப் பார்க்கிறது. இரண்டாவது தடம் ஒளி ஊடுருவும் சிலிக்கா ஏரோஜெல் வழியாக, அதே தகடு நுரையைத் தள்ளிச் செல்வதைப் பார்க்கிறது. மூன்றாவது தடம் ஏரோஜெல்லின் மறுபக்கம் ஒட்டிய மெல்லிய அலுமினியப் படலத்தைப் பார்த்து, அலை வந்துசேரும் கணத்தைச் சொல்கிறது. நான்காவதை வேறொரு தடிப்புள்ள மாதிரிக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரே சுடுதலில் இவையனைத்தும் மின்சமிக்ஞையை நேரத்தோடு பதியும் ஒரே ஆசிலோஸ்கோப்பில் பதிவாவதால், லேசரின் ஆற்றல் சுடுதலுக்குச் சுடுதல் மாறுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது தடத்தில் கிடைக்கும் தரவுதான் இந்தக் கருவியின் சிறப்பு என்று கருதுகிறேன். அமுங்கிய பொருளின் ஒளிவிலகல் எண் மாறுவதால், ஒளி ஊடுருவும் ஒரு சாளரத் தகட்டின் வழியே பார்க்கும்போது தெரியும் வேகம் உண்மை வேகமாக இருப்பதில்லை. லித்தியம் ஃபுளூரைடு சாளரத்தில் தெரியும் வேகத்தை ஏறத்தாழ 1.27ஆல் வகுக்க வேண்டியிருக்கிறது. சிலிக்கா ஏரோஜெல்லில் ஒளிவிலகல் எண், 1உடன் அடர்த்திக்கு நேர்விகிதமான ஒரு சிறு பகுதியைக் கூட்டினால் கிடைப்பது. அப்படியானால் நுனிக்கருவிக்கும் தகட்டுக்கும் இடையிலான ஒளிப்பாதையின் நீளம் என்பது, வடிவியல் தொலைவோடு, வழியில் உள்ள நுரையின் மொத்த நிறைக்கு நேர்விகிதமான ஓர் உறுப்பைக் கூட்டியது. நுரை எவ்வளவு அமுங்கினாலும் அதன் நிறை மாறாது. ஆகவே ஒளிப்பாதை மாறும் வீதமும் தகட்டின் உண்மை வேகமும் ஒன்றே. திருத்தம் எதுவும் தேவைப்படாது. திண்மச் சாளரங்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது புரியும்.

திருத்தம் வேண்டாத வேகம் கையில் இருந்தால் இன்னொரு வழியும் திறக்கிறது. பின்னாலிருந்து தள்ளும் பிளாஸ்மாவின் அழுத்தம் தணிந்த பிறகு, தகட்டின் வேகத்தைக் குறைப்பது முன்னால் உள்ள நுரையின் எதிர்ப்பு மட்டுமே. 25 மைக்ரோமீட்டர் அலுமினியத் தகட்டின் நிறை ஒரு சதுர மீட்டருக்கு 67.5 கிராம். அதன் முன் 0.12 கிகாபாஸ்கல் அழுத்தம் இருந்தால், ஒவ்வொரு நானோநொடிக்கும் ஏறக்குறைய 1.8 மீட்டர்/நொடி என்ற வீதத்தில் தகட்டின் வேகம் குறையும். 100 நானோநொடிகளில் இது கிட்டத்தட்ட 180 மீட்டர்/நொடி. இந்தக் கருவி தரும் ஸ்பெக்ட்ரோகிராமில், அதாவது விம்மல் அதிர்வெண் நேரத்தோடு மாறுவதைக் காட்டும் படத்தில், அந்தச் சரிவு கண்ணுக்கே தெளிவாகத் தெரிகிறது. சரிவின் சாய்விலிருந்து அழுத்தத்தை நேரடியாகப் பெறலாம். அதற்கு நுரையின் தொடக்க அடர்த்தியே தேவையில்லை. அடர்த்தி நிச்சயமில்லாத மாதிரிகளை வைத்துக்கொண்டு தவிப்பவர்களுக்கு இது அருமையான குறுக்குச் சரிபார்ப்பு. இதே சரிவு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. 500 மைக்ரோமீட்டர் நுரையின் நிறை ஒரு சதுர மீட்டருக்கு 50 கிராம், அதாவது தகட்டின் நிறைக்கு நெருக்கமானது. அலை மறுபக்கம் சேர்வதற்குள் நன்றாகத் தளர்ந்துவிடுகிறது என்பதால், கடந்த நேரத்திலிருந்து பெறும் வேகம் சராசரி வேகமே. நிலையான அலை வேண்டுமென்றால் நுரையை மெலிதாக்க வேண்டும், அல்லது தகட்டைத் தடிப்பாக்க வேண்டும்.

1550 நானோமீட்டர் அலைநீளம் தொலைத்தொடர்புத் துறையின் வசதிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்றாலும், ஏரோஜெல்லுக்கு அது பெரிய வரமாக அமைந்துவிட்டது. ஏரோஜெல்லின் நுண்துளைகளில் ஒளி சிதறுவது அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. பச்சை லேசரின் 532 நானோமீட்டரோடு ஒப்பிட்டால் இங்கே சிதறல் 70 மடங்குக்கும் மேல் குறைவு. அமுங்கிய அடுக்கு ஒளியைச் சிதறடிக்கத் தொடங்கும்போது திரும்பும் ஒளி குறைவது உண்மைதான். ஆனால் விம்மலின் வீச்சு திரும்பும் ஒளித்திறனின் இருபடி மூலத்தைப் பொறுத்தது என்பதால், ஒளி நூறில் ஒரு பங்காகக் குறைந்தாலும் சமிக்ஞை பத்தில் ஒரு பங்காகவே குறைகிறது. இந்தப் பெட்டியில் ஒப்பீட்டு ஒளியின் அளவை ஒவ்வொரு தடத்துக்கும் தனித்தனியே திருகி மாற்றும் வசதி தரப்பட்டிருக்கிறது. நுரை வேலைக்கு இது அவசியமானது. மலிவான அமைப்புகளில் இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

விசார் என்ற பழைய முறையோடு ஒப்பிடாமல் இருக்க முடியாது. பார்க்கரும் ஹாலன்பாக்கும் 1972இல் வெளியிட்ட அந்தக் குறுக்கீட்டுமானி, பெரிய லேசர் நிலையங்களில் இன்றும் முதன்மையான கருவியாக இருக்கிறது. மெகாபார் (100 கிகாபாஸ்கல்) அழுத்தங்களில் சில நானோநொடிகளுக்குள் எல்லாம் முடிந்துவிடும் சோதனைகளுக்கு அதுவே பொருத்தமானது. மிகக் குறுகிய நேர மாற்றங்களைப் படமாக்கும் ஸ்ட்ரீக் கேமராவோடு இணைத்தால் ஒரு கோட்டின் நெடுகிலும் வேகத்தைப் பார்க்கலாம் என்ற பெருமையும் அதற்கு உண்டு. பிடிவியில் அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்க ஒரு நேரச் சாளரம் (சமிக்ஞையின் ஒரு சிறு நேரத் துண்டு) தேவை. 10 நானோநொடிச் சாளரம் எடுத்தால் நிறமாலைக் கோட்டின் அகலம் ஏறக்குறைய 100 மெகாஹெர்ட்ஸ், அதாவது 77 மீட்டர்/நொடி. கோட்டின் மையத்தை இதைவிட நுட்பமாகக் கண்டறியலாம் என்றாலும், 1 நானோநொடிக்குள் நடப்பதைப் பார்க்க இது உகந்த கருவியல்ல. ஆனால் நுரையிலிருந்து திரும்பும் ஒளியில் தகட்டின் வேகம், அதிலிருந்து பிய்ந்து முன்னே பாயும் துணுக்குகளின் வேகம், அசையாமல் நிற்கும் பரப்பின் பிரதிபலிப்பு ஆகியவை ஒரே நேரத்தில் கலந்து வருகின்றன. விசாரில் இந்தக் கலப்பு, குறுக்கீட்டு வரிகளின் தெளிவையே அழித்துவிடும். பிடிவியின் ஸ்பெக்ட்ரோகிராமிலோ ஒவ்வொன்றும் தனிக் கோடாக நிற்கிறது. நூற்றுக்கணக்கான நானோநொடிகள் நீளும் எங்கள் வகைச் சோதனைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

பெட்டியின் கட்டுமானம் நன்றாக இருக்கிறது. லேசருக்குச் சாவிப் பூட்டும், கதவு திறந்தால் ஒளியை நிறுத்தும் இணைப்பும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத இந்த ஒளியைக் கையாளும் மாணவர்களுக்கு இவை இரண்டும் கட்டாயம் வேண்டும். முன்பலகையில் இணைப்பிகள் சாய்வு முனை கொண்ட பச்சை நிற வகை; ஒவ்வொன்றுக்கும் தூசு மூடி சங்கிலியில் கோக்கப்பட்டிருக்கிறது. கருவியை நிறுவ வந்த கிருஷ்ணகிரிக்காரத் தொழில்நுட்பர், ஒவ்வொரு இணைப்பையும் சிறு நுண்ணோக்கியில் பார்த்த பிறகே செருகினார். “மேடம், இந்த முனையில ஒரு தூசி இருந்தாலும் லேசர் அதை அங்கேயே சுட்டுப் பொசுக்கிடும், அப்புறம் நுனிக்கருவியையே மாத்தணும். துடைக்காம மட்டும் செருகாதீங்க” என்று அவர் சொன்னதை எங்கள் மாணவர்கள் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவைத்திருக்கிறார்கள். அந்தச் சிறு நுண்ணோக்கியையும் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்திருக்கலாம். தனியாகத்தான் வாங்க வேண்டியிருந்தது.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, நேர ஒத்திசைவு. ஒளி, இழைக்குள் ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 நானோநொடி எடுத்துக்கொள்கிறது. ஒரே நீளம் என்று சீட்டு ஒட்டி வந்த நுனிக்கருவிகளின் இழைகள் உண்மையில் ஒன்றுக்கொன்று சில சென்டிமீட்டர் வேறுபட்டன. 400 நானோநொடி நீளும் கடப்பு நேரத்தில் இது பெரிதல்ல. ஆனால் 25 மைக்ரோமீட்டர் அலுமினியத்தை அலை கடப்பதே 5 நானோநொடிக்குள் என்பதால், தகட்டுக்குள் நடப்பதை ஆராய்வோர்க்கு இது தொல்லை தரும். ஒவ்வொரு தடத்தின் தாமதத்தையும் அளந்து ஒரு சான்றிதழாகக் கொடுப்பது செய்பவர்க்கு எளிய வேலை. அதைச் செய்யாதது எனக்கு ஏமாற்றமே. ஒரு குறுகிய ஒளித்துடிப்பை எல்லா நுனிக்கருவிகளுக்கும் ஒரே நேரத்தில் காட்டி நாங்களே அளந்துகொண்டோம்.

இரண்டாவது, மென்பொருள். ஸ்பெக்ட்ரோகிராம் வரைவதும் கோட்டின் மையத்தைப் பின்தொடர்வதும் சரியாகவே நடக்கின்றன. ஆனால் சாளரத் திருத்தப் பட்டியலில் லித்தியம் ஃபுளூரைடு, சஃபையர், அக்ரிலிக் ஆகியவை மட்டுமே இருக்கின்றன. ‘திருத்தம் இல்லை’ என்ற தேர்வு வேறொரு பட்டியலுக்குள் ஒளிந்திருக்கிறது. நிரல் திறந்தவுடன் தானாகவே லித்தியம் ஃபுளூரைடு தேர்வாகியிருக்கிறது. இதைக் கவனிக்காத மாணவர் ஒருவர் தம் ஏரோஜெல் தரவை முழுவதும் 1.27ஆல் வகுத்து, வேகத்தை ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைத்து எழுதிவிடக்கூடும். மூலத் தரவைச் சாதாரண எண் கோப்பாக வெளியே எடுக்க முடிவதால், நாங்கள் பகுப்பாய்வைச் சொந்த நிரலிலேயே செய்கிறோம். புதிதாக வாங்குவோரும் அப்படியே செய்வது நல்லது.

மூன்றாவதைக் கருவியின் குறை என்று சொல்ல முடியாது. ஆனால் விலைப்பட்டியலைப் பார்க்கும்போது மறந்துவிடக் கூடாது. பெட்டியோடு ஆசிலோஸ்கோப் வருவதில்லை. அது பதியக்கூடிய அதிர்வெண்ணின் உச்ச வரம்பான பட்டையகலம் 8 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் நொடிக்கு 6.2 கிலோமீட்டர் வரை அளக்கலாம், ஆனால் நான்கு தடங்களையும் அந்த வேகத்தில் பதியும் ஆசிலோஸ்கோப்பின் விலை இந்தப் பெட்டியின் விலையை மிஞ்சிவிடும். நம்மிடம் ஏற்கெனவே உள்ள ஆசிலோஸ்கோப்பின் பட்டையகலத்தைப் பார்த்து, எந்த வேகம் வரை நம் சோதனை போகும் என்று கணக்கிட்ட பிறகு வாங்குவதே முறை. நொடிக்கு 2 கிலோமீட்டருக்குள் நிற்கும் நுரைச் சோதனைகளுக்கு 4 கிகாஹெர்ட்ஸ் போதும்.

கருவியைப் பற்றிப் பேசும்போது மாதிரியைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தக் கருவியின் திறமை வீணாவதும் பயன்படுவதும் அங்கேதான் தீர்மானமாகிறது. 10 மில்லிமீட்டர் விட்டமும் 0.5 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள ஏரோஜெல் வில்லையின் எடை 4 மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவு. 0.1 மில்லிகிராம் வரை காட்டும் வழக்கமான தராசில் நிறுத்தால் எடையிலேயே 2.5 விழுக்காடு நிச்சயமின்மை வந்துவிடும். நூறில் ஒரு மில்லிகிராம் வரை காட்டும் தராசு தேவை. பெங்களூருவின் மழை மாதங்களில், நீரை விலக்கும் பூச்சு இல்லாத சிலிக்கா ஏரோஜெல் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால், உலர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் நிறுத்து, உடனே சுட்டுவிடுவதே வழி. தடிப்பைத் தொட்டு அளக்கும் மைக்ரோமீட்டரால் அளக்கக் கூடாது, அது வில்லையை நசுக்கிவிடும். பக்கவாட்டில் ஒளி காட்டி நுண்ணோக்கியில் படமெடுத்து, விளிம்பு நெடுகிலும் பல இடங்களில் அளக்கிறோம்.

பின்சேவையைப் பற்றி நல்லதையே சொல்ல வேண்டும். தடங்களில் ஒன்றின் உணர்வி இரைச்சல் மிகுந்து பயனற்றுப் போனபோது, பெட்டியை வெளிநாட்டுக்கு அனுப்பிச் சுங்கத் தாள்களோடு போராட வேண்டிய தேவை எழவில்லை. பீன்யாவிலிருந்து ஆள் வந்து, எங்கள் மேசையிலேயே திறந்து மாற்றிக் கொடுத்தார். உள்ளே எந்த உதிரி எங்கே இருக்கிறது என்பதை மறைக்காமல் காட்டினார். மாணவர்களின் கேள்விகளுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் மாறி மாறிப் பதில் சொன்னார். மூடிய பெட்டியாக வரும் இறக்குமதிக் கருவிகளில் இந்த வாய்ப்பே இல்லை. ஆராய்ச்சி மாணவர் ஒருவர் தாம் பயன்படுத்தும் கருவியின் உள்ளுறுப்பை அறிந்திருப்பது, அவர் தரும் தரவின் நம்பகத்தை நேரடியாக உயர்த்துகிறது என்பது என் உறுதியான கருத்து. கையேடு மட்டும் மிகச் சுருக்கமானது. இணைப்பு வரைபடத்தைத் தவிர அதில் பயனுள்ளது அதிகம் இல்லை.

வாங்க நினைப்போர் இரண்டாவது லேசர் உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள். ஒப்பீட்டு ஒளியை வேறொரு லேசரிலிருந்து, சில கிகாஹெர்ட்ஸ் தள்ளிவைத்துக் கொடுத்தால், தகடு அசையாமல் இருக்கும்போதே விம்மல்கள் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் அசைவு தொடங்கும் கணம் துல்லியமாகத் தெரியும், முன்னே போகிறதா பின்னே வருகிறதா என்பதும் தெரியும். நுரைக்குள் முன்னோடும் பலவீனமான முன்னலை, முதன்மை அலைக்கு முன்பே மறுபக்கப் படலத்தைச் சில பத்து மீட்டர்/நொடி வேகத்தில் நகர்த்துவதுண்டு. ஒற்றை லேசர் வகையில் அந்த அசைவு, ஒரு முழு விம்மல்கூட முடியாமல் அடிமட்ட இரைச்சலில் புதைந்துபோகிறது. இரண்டாவது லேசருக்கான கூடுதல் விலையை ஆய்வுத் திட்டத்தின் தொடக்க மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். பின்னால் பொருத்த வேண்டுமானால் பெட்டியை மூன்று வாரமாவது பீன்யாவில் விட்டுவைக்க வேண்டியிருக்கும் என்று நிறுவனத்தாரே சொல்கிறார்கள்.